மடைக்குக் கீழே நிற்கும் தண்ணீர்

எங்கள் ஊர் சிங்கம்புணரிப் பக்கம். வேலை கோயம்புத்தூரில் என்றாலும், மாசியில் சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிட எப்படியும் ஊருக்குப் போய்விடுவேன். சாமி கும்பிட்டு முடிந்த மறுநாள் எல்லோரும் ராத்திரி விழித்த களைப்பில் தூங்குவார்கள். அதற்கும் அடுத்த நாள் விடியற்காலை கண்மாய்க்குப் போவது என் வழக்கம். ஊருக்குப் போகும் காரணங்களில் இதுவும் ஒன்று என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இந்த வருடம் மூன்று பேர் போனோம். சித்தப்பா, நான், தம்பி மகன். பையனுக்கு 9 வயது. அவன் தூண்டில் பிடித்ததே இல்லை. முந்தின நாள் சாயங்காலமே மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் குப்பைக்குழி ஓரத்தைக் கிளறி, கொட்டாங்கச்சி நிறைய மண்புழு சேர்த்து, ஈர மண் போட்டு மூடி வைத்திருந்தான். ராத்திரி இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்தானாம்.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. கரையில் புல்லெல்லாம் நனைந்து, கால் வைத்தால் சில்லென்றது. உள்வாயில் நாட்டுக்கருவேல மரங்கள் பாதி உயரம் வரை சேறு காய்ந்த கோடுகளோடு நின்றன. கார்த்திகையில் தண்ணீர் எங்கே நின்றது, தையில் எவ்வளவு இறங்கியது என்பதை அந்தக் கோடுகளைப் பார்த்தே சொல்லிவிடலாம். இப்போது தண்ணீர் நடுக் கண்மாயை விட்டுவிட்டுக் கரையோரமாக, மடையைச் சுற்றி ஒதுங்கிக் கிடந்தது.

மாசி, பங்குனியை ஏன் நல்ல மீன் காலம் என்கிறோம் என்பதற்குப் பதில் இதில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டு மழையில் ஏறக்குறையப் பாதி, ஐப்பசி தொடங்கி மார்கழி வரைக்கும் வடகிழக்குப் பருவமழையாகப் பெய்கிறது. எங்கள் பக்கம் கண்மாய் நிறைவதே அதில்தான். நிறைந்த கண்மாயில் தூண்டில் போடுவது வீண். அத்தனை பரப்பில் மீன் எங்கே நிற்கும் என்று யார் கண்டார்? தை அறுவடைக்குள் வயலுக்குத் தண்ணீர் போய்விடும். மாசியில் மீதித் தண்ணீர் பள்ளங்களுக்கு ஒதுங்கும், மீனும் கூடவே ஒதுங்கும். மார்கழிக் குளிரில் சரியாக இரை எடுக்காமல் கிடந்த மீன், வெயில் ஏற ஏறச் சுறுசுறுப்பாகும். மீனுக்கு உடம்புச் சூடு என்று தனியாக ஒன்றும் கிடையாது. தண்ணீர் எவ்வளவு சூடோ மீனும் அவ்வளவு சூடு. தண்ணீர் வெதுவெதுப்பானால் அதற்குப் பசிக்க ஆரம்பிக்கும்.

எங்கே உட்கார வேண்டும் என்பதைச் சித்தப்பாதான் முடிவு செய்வார். அவர் முதலில் தண்ணீரைப் பார்க்க மாட்டார், கொக்கைப் பார்ப்பார். வெள்ளைக்கொக்கு வரிசையாக நிற்கும் ஓரம் ஆழமில்லாதது, பொடிமீன்தான் இருக்கும். நீர்க்காகம் முங்கி எழும் இடம் ஆழம். அப்புறம் குமிழி. சேற்றைக் கிளறும் மீன் இருந்தால் சின்னச் சின்னதாகச் சரம் போலக் குமிழி வரும். விரால் அப்படியல்ல. ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம், ஒரு வட்டம், அவ்வளவுதான். அது மூச்சு வாங்க மேலே வந்து போன அடையாளம். விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. அவ்வப்போது மேலே வந்து காற்றையும் வாங்கியாக வேண்டும். கொஞ்ச நேரம் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பள்ளத்தில் எத்தனை விரால் இருக்கிறது என்று ஏறக்குறைய எண்ணிவிடலாம் என்பார் சித்தப்பா. எனக்கு இன்னும் அந்தப் பொறுமை முழுதாக வரவில்லை.

மடைக்கு மேற்கே ஒரு கருவேல மரத்தடியில் உட்கார்ந்தோம். பையனுக்குச் சித்தப்பா மூங்கில் கம்பில் கட்டிய பழைய தூண்டில். கம்பு நீளத்துக்கு நரம்பு, நுனியில் சின்ன முள், முள்ளுக்கு ஒரு சாண் மேலே ஈயக்குண்டு, அதற்கும் மேலே மயில் இறகின் தண்டில் செய்த தக்கை. கடையில் கலர் கலராகத் தக்கை கிடைக்கிறது. ஆனால் மயில் தண்டு போல லேசான தக்கை நான் பார்த்ததில்லை. பொடிக்கெண்டை வாய் வைத்தால்கூடக் காட்டிக்கொடுக்கும். எங்கள் ஊரில் மயிலுக்குப் பஞ்சமில்லை, அது தானாக உதிர்த்த இறகு வேலியோரம் கிடக்கும்.

புழுவைக் கோக்கும்போது முள்முனை வெளியே தெரியக் கூடாது, புழுவின் வால் கொஞ்சம் துள்ள வேண்டும். பையன் மூன்றாவது முயற்சியில் சரியாகச் செய்தான்.

“இப்ப என்ன தாத்தா செய்யணும்?”

“தக்கையப் பாருடா பேராண்டி. வேற எதையும் பாக்காத.”

தக்கையைப் படிப்பது ஒரு கல்வி. கெண்டை கடித்தால் தக்கை நின்ற இடத்திலேயே நடுங்கும், மேலும் கீழும் பொடிப்பொடியாக ஆடும். அவசரப்பட்டு இழுத்தால் வெறும் முள்தான் வரும். ஜிலேபி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். கெளுத்திக்கு யோசனையே கிடையாது, ஒரே முங்காக முங்கும். ஆரா மெல்ல மெல்ல அமுக்கும், ஏதோ செடியில் மாட்டிக்கொண்டது போலவே இருக்கும். நண்டு வந்து புழுவைக் கத்தரித்தால் தக்கை லேசாகச் சாய்ந்து நிமிரும். சில நேரம் கனமாக, உயிரில்லாதது போல ஒன்று இழுக்கும். அது ஆமை. முள்ளைப் பக்குவமாக எடுத்துத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். இதையெல்லாம் எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. அய்யா பக்கத்தில் பல மாசிகள் உட்கார்ந்ததில் தெரிந்துகொண்டது.

பையனுக்கு முதலில் மாட்டியது கெளுத்தி. தூக்கிப் போட்டவுடன் கையால் பிடிக்கப் பாய்ந்தான். சித்தப்பா அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். கெளுத்திக்கு முதுகில் ஒரு முள், செவுளுக்குப் பக்கத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முள். குத்தினால் உள்ளங்கை முதல் முழங்கை வரை கடுக்கும். என்னைப் பத்து வயதில் குத்தியிருக்கிறது. அப்பத்தா பேசாமல் அடுப்பில் வெந்நீர் வைத்து, பொறுக்கிற சூட்டில் என் கையை முக்கிப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கடுப்பு இறங்கியது. அந்த நஞ்சு சூட்டில் முறிந்துவிடும் என்பதைப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்பத்தாவுக்குப் படிக்காமலே தெரிந்திருந்தது.

வெயில் ஏறியது. எட்டரை, ஒன்பது மணி வரை நல்ல கடி. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. விடிவதற்கு முன்னால் போய் உட்கார்ந்தால் நிறைய மீன் பிடிக்கலாம் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். வற்றுகிற கண்மாயில் அப்படி இல்லை. பாசியும் நீர்ச்செடியும் பகலில் வெயிலை வைத்துப் பிராணவாயுவை வெளிவிடும், இரவில் அவையும் அதையே எடுத்துக்கொள்ளும். அதனால் தண்ணீரில் காற்று மிகக் குறைவாக இருப்பது விடியும் நேரத்தில்தான். அப்போது கட்லா, ரோகு எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், இரையைச் சீண்டாது. சூரியன் மேலே வந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் அவற்றுக்குத் தெம்பு வரும். தண்ணீர் சூடாகச் சூடாக அது பிடித்து வைக்கும் காற்றும் குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும், 30 டிகிரியில் 7.5 தான். அதனால் பங்குனி நடுப்பகலில் மற்ற மீன்கள் சோர்ந்து கிடக்கும். அந்த நேரத்திலும் சோராதவை விராலும் குறவையும். அவைதான் மேலே வந்து காற்றை நேராகவே குடித்துக்கொள்கின்றனவே.

எனக்கு எல்லா மீனிலும் பெரிது விரால்தான். அதற்கு மட்டும் நான் ரீல் வைத்த கம்பு எடுத்துப் போகிறேன். ரப்பரில் செய்த தவளை, அதன் முதுகோடு ஒட்டி மடங்கிய இரட்டை முள். அல்லி இலை மேல் வீசி, தத்தித் தத்தி இழுத்து வந்து, இலை முடிந்து தண்ணீர் தொடங்கும் இடத்தில் ஒரு நொடி நிறுத்த வேண்டும். விரால் அடித்தால் அந்தச் சத்தம் நெஞ்சில் கேட்கும். உடனே இழுக்கக் கூடாது. ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணிவிட்டு இழுக்க வேண்டும். அது தவளையை வாய்க்குள் திருப்பிக்கொள்ளும் நேரம் அது. சித்தப்பா ரீலைத் தொட மாட்டார். உயிர்த்தவளைதான் விராலுக்கு இரை என்பது அவர் கட்சி. எனக்குத் தவளையை உயிரோடு முள்ளில் கோக்க மனசு வரவில்லை. இதில் நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனதே இல்லை.

அன்றைக்கு ஒரு விரால் மாட்டியது. முக்கால் கிலோ இருக்கும். கருப்பு முதுகு, அடிவயிறு வெளுப்பு, பக்கவாட்டில் வரிவரியாக. பையன் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

“இது ஏன் பெரியப்பா தண்ணி இல்லாமலும் சாகாம இருக்கு?”

ஈரச்சாக்கில் சுற்றி வைத்தால் மணிக்கணக்கில் உயிரோடிருக்கும், சேறு காய்ந்தாலும் அடிச்சேற்று ஈரத்தில் கிடந்து அடுத்த மழைக்காகக் காத்திருக்கும் என்று சொன்னேன். அப்போதுதான் அந்தப் பம்பு வருடம் நினைவுக்கு வந்தது.

எந்தக் கண்மாயிலும் மடை வாய்க்குக் கீழே கொஞ்சம் தண்ணீர் நிற்கும். மடையைத் திறந்தால் மடை மட்டம் வரைதான் தண்ணீர் போகும். அதற்குக் கீழே இருப்பது தானாக வெளியே போகாது. மாடு குடிப்பதும் கொக்கு மேய்வதும் ஊர்க்கிணறுகளில் ஊற்று நிற்பதும் கோடையில் அந்தத் தண்ணீரை நம்பித்தான். அய்யா அதை “கண்மாயோட வீட்டுச் சோறு” என்பார். வயலுக்குக் கொடுத்தது போகத் தனக்கென்று வைத்துக்கொண்டது என்று அர்த்தம்.

கண்மாய் மீனை ஏலம் விடுவது புதிதல்ல. மீன்பாசிக் குத்தகை என்று அதற்குப் பெயர். குத்தகைக்காரர் மழைக்காலத்தில் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு வாங்கி விடுவார், கோடையில் வலை போட்டு எடுப்பார். ஊர்க்காரர்கள் தூண்டில் போட்டால் பெரும்பாலும் கண்டுகொள்ள மாட்டார், வலை மட்டும் கூடாது. ஐந்தாறு வருடம் முன்பு வெளியூர்க்காரர் ஒருவர் எடுத்திருந்தார். சித்திரையில் வலை போட்டு எடுத்தது போதவில்லை என்று இரண்டு டீசல் இன்ஜினைக் கொண்டுவந்து மடைப்பள்ளத்தில் இறக்கினார். மூன்று நாள் இரவும் பகலும் ஓடியது. மடைக்குக் கீழே நின்ற தண்ணீர் முழுவதும் போய்விட்டது. அடியில் கிடந்த சேற்றில் ஆட்கள் இறங்கி விரால், குறவை, ஆரா, அயிரை எல்லாவற்றையும் கையால் தடவியே எடுத்தார்கள். ஒரு விரற்கடை குஞ்சைக்கூட விடவில்லை. நான் அப்போது ஊரில் இருந்தேன். சித்தப்பா கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று மதியம் சாப்பிடவும் இல்லை.

ஐப்பசியில் மழை பெய்தது, கண்மாய் பெருகியது, காற்றடைத்த பிளாஸ்டிக் பைகளில் குஞ்சுகள் வந்து இறங்கின. பார்க்கிறவர்களுக்கு எல்லாம் பழையபடி ஆகிவிட்டது போலத்தான் இருந்திருக்கும். ஆனால் அடுத்த மாசியில் நான் தூண்டில் போட்டபோது தக்கை பேசிய மொழியே வேறாக இருந்தது. ஜிலேபி, ஜிலேபி, மறுபடி ஜிலேபி. ‘ப்ளக்’ என்ற சத்தம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

காரணம் எளிது. கட்லாவும் ரோகுவும் வடக்கே கங்கை போன்ற பெரிய ஆறுகளின் மீன்கள். வெள்ளம் ஓடும் ஆற்றில்தான் முட்டையிடும், நின்ற தண்ணீரில் இடாது. 1957 ஜூலை 10 அன்று ஹீராலால் சவுத்ரி என்ற விஞ்ஞானி, ஒடிசாவில் மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டை இன மீன்களை முட்டையிட வைத்தார். அதற்கு முன்பு குஞ்சு வேண்டுமென்றால் ஆற்றில் போய் அரித்துத்தான் எடுத்து வர வேண்டும். அந்த ஊசி வந்த பிறகுதான் நாடு முழுக்கப் பண்ணைகளில் குஞ்சு உற்பத்தி பெருகியது. நாட்டில் ஜூலை 10-ஐ மீன் வளர்ப்போர் நாளாகவே கொண்டாடுகிறார்கள், கொண்டாடவும் வேண்டும். எத்தனையோ வீடுகளில் மலிவாக மீன் வேகிறதென்றால் அந்த வேலையால்தான். ஆனால் அந்த வசதியே குத்தகைக்காரருக்கு ஒரு துணிச்சலைக் கொடுத்துவிட்டது. கடைசிச் சொட்டு வரை இறைத்தாலும் அடுத்த வருடம் பை பையாகக் குஞ்சு வாங்கி விட்டுக்கொள்ளலாம். அயிரையை யார் வாங்கி விடுவார்கள்? குறவையை, ஆராவை, உழுவையை? அவை கண்மாயிலேயே பிறந்து கண்மாயிலேயே முட்டையிடுகிறவை. மடைக்குக் கீழே நிற்கும் தண்ணீர்தான் அவற்றின் விதை நெல்.

ஜிலேபி கதை தனி. அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். தாய் மீன் முட்டையை வாயிலேயே வைத்துப் பொரிக்கும், குஞ்சுகளும் ஆபத்து என்றால் வாய்க்குள் போய் ஒளிந்துகொள்ளும். அதனால் எதிலும் தப்பித்துவிடும். வரத்துக்காலில் ஒரு குட்டை மிச்சமிருந்தால் போதும், அடுத்த வருடம் கண்மாய் முழுக்க அதுதான். ஜிலேபி மேல் எனக்குக் கோபமில்லை, வறுத்தால் ருசிதான். மற்ற மீன்கள் போன இடத்தில் அது மட்டும் நிற்பதைப் பார்க்கத்தான் சங்கடமாக இருக்கிறது.

இதோடு சேர்த்து ஊர் மீன்பிடியையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதையும் பம்பையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். சிவகங்கை, புதுக்கோட்டை, மேலூர், நத்தம் பக்கங்களில் மாசி தொடங்கிச் சித்திரை, வைகாசி வரைக்கும் ஊர் ஊராக மீன்பிடித் திருவிழா நடக்கும். முந்தின நாளே சுற்றுப்பட்டு ஊர்களுக்குச் செய்தி போய்விடும். விடியும்போது கரை முழுக்க ஆட்கள் ஊத்தா, கச்சா, வலை, பழைய சேலை என்று கிடைத்ததோடு நிற்பார்கள். ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டுவிட்டு வெள்ளைத்துண்டை வீசுவார். அவ்வளவுதான், கரையே தண்ணீருக்குள் பாயும். ஊத்தா என்பது இரண்டு பக்கமும் திறந்த கூடை. சேற்றில் அமுக்கி, மேல் வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவ வேண்டும். உள்ளே விரால் முட்டினால் கூடை அதிரும். பிடித்த மீனை விற்க மாட்டார்கள், வீட்டில் குழம்பு வைப்பார்கள், வராதவர்களுக்குக் கொடுப்பார்கள். மீன் பிடித்தால் அடுத்த வருடம் மழை நன்றாகப் பெய்யும் என்று நம்பிக்கை. ஆயிரம் பேர் இறங்கினாலும் வெயில் ஏறும்போது எல்லோரும் கரையேறிவிடுவார்கள். தண்ணீர் கலங்கியிருக்கும், ஆனால் இருக்கும். சேற்றுக்குள் இறங்கிய மீன் சேற்றிலேயே தப்பிக் கிடக்கும். இது கண்மாயில் கை நனைப்பது. இன்ஜின் வைத்து இறைப்பது வேறு.

எங்கள் கண்மாய்க்கு விரால் திரும்பி வந்தது மூன்றாவது வருடம். அந்த வருடம் நல்ல மழை. மேலக்கண்மாய் நிறைந்து, கலுங்கு தாண்டி மறுகால் பாய்ந்தது. எங்கள் பக்கக் கண்மாய்கள் சங்கிலி மாதிரி ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக அமைந்தவை. மேலே நிரம்பி வழிவது கீழே வரும், தண்ணீரோடு மீனும் வரும். சித்தப்பா போன் செய்து, “ஏப்பா, கலுங்குல கொறவ துள்ளுது” என்றார். வேறு எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டார். அதற்கப்புறம் ஊர்க்கூட்டத்தில் பேசி, மடை மட்டத்துக்குக் கீழே இறைக்கக் கூடாது என்று சொல்லித்தான் ஏலம் விடுகிறார்கள். இப்போது குத்தகை எடுத்திருப்பவர் உள்ளூர்க்காரர், சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார்.

பத்து மணிக்கு மேல் கடி நின்றுவிட்டது. கெண்டை இருபது, கெளுத்தி ஆறு, ஜிலேபி நாலு, ஒரு விரால். வீட்டுக்கு வந்து, விராலுக்கு அடுப்புச் சாம்பலைப் பூசிக் கல்லில் உரசிச் செதில் எடுத்தேன். சாம்பல் இல்லாவிட்டால் அந்த வழவழப்புக்குக் கையில் நிற்காது. சின்னம்மா புளியைக் குறைத்துக்கொண்டு, மரத்தில் அப்போதுதான் திரண்டிருந்த மாங்காயை நறுக்கிப் போட்டு மண்சட்டியில் குழம்பு வைத்தார். பெரிய மாங்காய் போட்டால் குழம்பு இனித்துவிடும், கொட்டை முற்றாத பிஞ்சுதான் சரி. கெண்டையை முழுசாக வறுத்தோம். பையன் தான் பிடித்த கெளுத்தியை யாருக்கும் தரவில்லை.

சாயங்காலம் பேருந்து ஏறும் முன்பு மறுபடியும் கண்மாய்க்குப் போக வேண்டும் என்று அவன் பிடிவாதம் பிடித்தான். தூண்டில் எடுக்காமல் சும்மா போனோம். வெயில் தாழ்ந்து, மடைப்பள்ளத்துத் தண்ணீர் செம்மண் நிறத்தில் அசையாமல் கிடந்தது. மடைக்கல் மேல் உட்கார்ந்தான். நான் மணி பார்த்தேன். அவன் பார்க்கவில்லை.

‘ப்ளக்.’

வட்டம் விரிந்து கரையைத் தொட்டது. கொஞ்ச நேரம் கழித்து, அல்லி இலைகளுக்குப் பக்கத்தில் இன்னொன்று. அவன் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தான்.

“ரெண்டு இருக்கு பெரியப்பா,” என்றான். பிறகு ரகசியம் போலக் குரலைத் தாழ்த்தி, “பேசாம இருங்க, மூணாவது வரும்.”